சரின்னு சொல்லிட்டு வை

தமிழ்நாட்டில் ஒருவரிடமிருந்து தப்பிக்க வேண்டுமென்றால் சண்டை போடத் தேவையில்லை, ஓடி ஒளியத் தேவையில்லை, ‘சரி’ என்று சொன்னால் போதும். கைமாற்று கேட்டு வருபவருக்கும் சரி, காதுகுத்துக்கு அழைப்பவருக்கும் சரி, பேருந்தில் பக்கத்து சீட்டிலிருந்து தன் சர்க்கரை வியாதியின் வரலாற்றைச் சொல்பவருக்கும் சரி, நாம் எடுத்து நீட்டுவது அந்த ஒரு சொல்லைத்தான். அதற்கு ‘ஆகட்டும்’ என்றும் பொருள், ‘ஆளை விடு சாமி’ என்றும் பொருள். மங்கையர்க்கரசிக்கு இது மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் அவளுக்கு மாதாமாதம் சம்பளம்.

கெடிலம் ஆற்றில் வெள்ளம் வடிந்த மறுவாரம் அவள் சென்னையிலிருந்து கடலூருக்கு வந்து இறங்கினாள். மதகடி நகர்க்காரர்கள் எல்லோரையும் புறவழிச் சாலையோரம் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். மதகடி நகர் என்பது பெயருக்கேற்ற இடம். ஒரு காலத்தில் அங்கே ஏரி இருந்தது, ஏரிக்கு மதகு இருந்தது. ஏரி போய் மனைகள் வந்தன, மனைகள் போய் வீடுகள் வந்தன, பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. வீடு வாங்கிய ஒருவராவது அந்தப் பெயரை நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

மண்டபத்து மேடையில் எவர் கல்யாணத்துக்கோ கட்டிய ஜரிகைத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே பாயும் தலையணையுமாகக் குடும்பங்கள்.

“வா மங்க. சாப்பிட்டியா?” என்றாள் அக்கா தையல்நாயகி.

வீட்டைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவள் கேட்கிற முதல் கேள்வியைப் பாருங்கள்!

தையல்நாயகி இட்லி மாவு அரைத்து விற்பவள். மதகடி நகரில் பாதி வீடுகளின் காலைப் பலகாரம் அவள் கிரைண்டரிலிருந்துதான் வரும். புறங்கை வரை மாவு ஒட்டிய கையோடுதான் மங்கை அவளை எப்போதும் பார்த்திருக்கிறாள். இன்று அந்தக் கை சுத்தமாக இருந்தது, பார்க்கவே என்னவோ போலிருந்தது. அவள் கணவர் கலியபெருமாள் சுவரோரம் உட்கார்ந்து, சேற்றிலிருந்து தோண்டி எடுத்த கிரைண்டர் மோட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது இனி ஓடாது என்று அவருக்கும் தெரியும். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

“படகு வந்துது பாரு மங்க, தண்ணி வர்றதுக்கு முந்தியே வந்து நிக்குது!” என்றார் அவர். “முன்னறி சொல்லிடுச்சாம், கெடிலம் பழைய மதகுகிட்டதான் உடைச்சிக்கும்னு. ஊர்ல ஒரு கோழிகூட சாவல, தெரியுமா?”

உண்மைதான். ‘முன்னறி’ என்பது அரசின் கணிப்பு இயந்திரம். மழை, ஆறு, கடல், வெயில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு எந்தத் தெருவுக்கு என்ன வரும் என்று சொல்லும். இரண்டாயிரத்து நாற்பதுகளில் பேரிடர்ச் சட்டத்தைத் திருத்தி, காலநிலை இடரையும் அதற்குள் கொண்டுவந்தபோது, சட்டத்தின் கண்ணாக அதைத்தான் வைத்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று இந்த ஒரு வாரமாகத் தொலைக்காட்சியில் ஒரே பாராட்டு மழை. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த காலநிலை இடர் வாரியத்தில், மொழிப் பிரிவில், மங்கைக்கு வேலை. பாராட்டைக் கேட்டு அவளும் கொஞ்சம் பெருமைப்பட்டாள் என்பதை மறைப்பானேன்.

“அப்புறம் என்ன மாமா, வீடு எப்ப கட்ட ஆரம்பிக்கிறாங்களாம்?” என்று கேட்டாள்.

கலியபெருமாள் துடைப்பதை நிறுத்தினார். “அங்க பாரு,” என்று தூணைக் காட்டினார்.

தூணில் ஒட்டியிருந்த அறிவிப்பைச் சுற்றிக் கூட்டம். நடுவில் ஒரு நெட்டையான மனிதர், கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார். இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் நூருல்லா.

“இன்னொரு தடவ சொல்றேன், கேட்டுக்குங்க,” என்றார் அவர். “பழைய சட்டத்துல வெள்ளம் வந்தப்புறம்தான் கவர்மெண்டு எழுந்திரிக்கும். வந்தது பேரிடர், போனது வீடு, இந்தா நிவாரணம். புதுச் சட்டம் அப்படியில்ல. வரப்போறது என்னான்னு முன்னாடியே வீட்டுக்கு வீடு போன் போட்டுச் சொல்லும். வேற இடம் தர்றோம், போறியான்னு கேக்கும். போறேன்னா அங்க வீடு. எல்லாம் தெரிஞ்சுதான் இங்கயே இருக்கேன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா, அது ‘ஏற்ற இடர்’. அதாவது நீங்களா தலையில தூக்கி வெச்சிக்கிட்ட இடர். உயிரக் காப்பாத்துவாங்க, சோறு போடுவாங்க. வீடு மட்டும் கிடையாது.”

“நல்ல சட்டமாத்தானே இருக்கு?” என்றார் கலியபெருமாள்.

“ரொம்ப நல்ல சட்டம்ங்க. நீங்க எல்லாரும் ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கு, அதுதான் சிக்கல்.”

“நாங்க எங்க ஒத்துக்கிட்டோம்? நாங்க ஒண்ணுமே சொல்லலியே. சரின்னுதானே சொன்னோம்!”

நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். நூருல்லா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அந்தச் சரியத்தான் ஒப்புதல்னு எடுத்திருக்காங்க, பெரியவரே. ‘இந்த இடரை அறிந்து, இங்கேயே தொடர்ந்து வசிப்பதை ஏற்கிறீர்களா?’ இதுதான் கேள்வி. நீங்க சொன்ன பதில் சரி. மத்த ஊர்லயாவது நாலு பேரு ‘இல்ல’ன்னாங்க, பத்து பேரு ‘யோசிச்சுச் சொல்றோம்’னாங்க. இங்க ஒரு வீடு பாக்கியில்லாம சரி. எனக்கே ஆச்சரியமா இருக்கு, எப்படி இப்படி ஒண்ணு சொன்ன மாதிரி சொன்னீங்க?”

“தையலு தங்கச்சி சொல்லிச்சே, அதான்!” என்றாள் கூட்டத்திலிருந்த அஞ்சலாட்சி, ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்கிற மாதிரி. “அது கவர்மெண்ட்ல பெரிய வேலயில இருக்குது. போன் வந்தா என்னா சொல்றதுன்னு தையலு கேட்டுச்சாம், சும்மா சரின்னு சொல்லிட்டு வைன்னு சொல்லிச்சாம். மாவு வாங்கப் போன எங்க எல்லாருக்கும் தையலுதான் சொல்லி அனுப்புச்சு. இதோ, அதுவே வந்திருக்குதே!”

மங்கை தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள்.

“ஏ, சும்மா இரு அஞ்சல,” என்று தையல்நாயகி அதட்டினாள். “அது ஏதோ வேல அவசரத்துல சொல்லியிருக்கும். அதுக்கு என்னா தெரியும், பாவம்.”

அதுக்கு என்ன தெரியும்! அந்த இடத்தில் பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது மங்கைக்கு. அவளுக்குத் தெரியாதா? அந்த மண்டபத்தில், அந்த மாநிலத்தில், அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

நடந்தது இதுதான். முன்னறி வீடு வீடாகப் போன் போட்டபோது பதில்களைப் பிரிக்க ஒரு காது தேவைப்பட்டது. அந்தக் காதைப் பழக்கியவள் மங்கை. ஏற்பு, மறுப்பு, மீண்டும் கேள் என்று மூன்று பெட்டிகள். ‘வேணாம்பா’ என்றால் மறுப்பு. ‘இங்கதான் பொறந்தேன், இங்கதான் சாவேன்’ என்றால் ஏற்பு. இழுத்துச் சொல்லும் சரீ, வெடுக்கென்ற சரி, அடுக்கி வரும் சரி சரி, மரியாதைக்குச் சொல்லும் சரிங்க எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, இவற்றில் பெரும்பாலானவை போனை வைப்பதற்கான சரி என்று கண்டு, அத்தனையையும் ‘மீண்டும் கேள்’ பெட்டியில் போட்டாள். முதல் விதி அப்படித்தான் இருந்தது.

பிரிவுத் தலைவர் சுகவனம் அதைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டுமென்று மேலிருந்து அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன மங்கை, பாதி நாடு மீண்டும் கேள் பெட்டியில கிடக்குது? மறுபடி கேட்டா மறுபடி சரின்னுதான் சொல்லுவாங்க. இதுக்கு முடிவே இல்லையா?”

“மனுஷங்கள நேர்ல அனுப்பணும் சார். அப்பத்தான் வாயத் திறப்பாங்க.”

“அதுக்கு ஆள் எங்க? நேரம் எங்க? தமிழ்ல சரின்னா சரிதானே?”

மங்கை வாதாடியிருக்கலாம். அவளிடம் ஆயிரக்கணக்கான குரல்கள் சாட்சிக்கு இருந்தன. ஆனால் மாலை ஆகியிருந்தது, பதவி உயர்வு பற்றிய பேச்சு காற்றில் இருந்தது, அவருடைய முகமும் பாவமாக இருந்தது. அவள் என்ன சொன்னாள் என்று நினைக்கிறீர்கள்?

“சரி சார்,” என்றாள்.

அன்றே விதி மாறியது. ‘சரி’ வகையறா முழுதும் ஏற்புப் பெட்டிக்குக் குடிபோனது. மறுப்பு இல்லாத இடத்தில் சரி என்பது தெளிவான ஒப்புதலே என்று ஆய்வறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. அவள் ஒரு கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா போன் செய்தாள். “ஏதோ போன் வருது மங்க. பொம்பள கொரலு, வெள்ளம் கிள்ளம்னு படபடன்னு பேசுது. கையெல்லாம் மாவு, ஒண்ணும் வெளங்கல. மறுபடி வந்தா என்னா சொல்லட்டும்?” மங்கை லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டே, “சும்மா சரின்னு சொல்லிட்டு வைக்கா. அப்புறம் பேசுறேன்,” என்றாள். சரியை ஒப்புதலாக்கிய அதே வாய், சரியை வெறும் சரியாகவே நினைத்துச் சொன்னது. கதவு மூடியது. அப்புறம் அவள் பேசவே இல்லை.

“நீங்க வாரியத்துல மொழிப் பிரிவாம்மா?” மண்டபத்தில் தையல்நாயகியிடம் விசாரித்துவிட்டு நூருல்லா அவளைத் தனியே அழைத்தார், குரலில் புது நம்பிக்கை. “அல்லா அனுப்பி வெச்ச மாதிரி வந்திருக்கீங்க. மேல்முறையீட்டு விசாரணை வருது. சரின்னா சம்மதம்னு அர்த்தமில்லன்னு ஒரு மொழி வல்லுநர் வந்து சொன்னா போதும். எவனோ ஒருத்தன் ஏ.சி. ரூம்ல உக்காந்துக்கிட்டு அந்த அறிக்கைய எழுதியிருக்கான். அவன் யாருன்னு தெரிஞ்சா நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்.”

மங்கை வாய் திறந்தாள். பக்கத்தில் அக்கா வந்து நின்றாள். சுத்தமான அந்தக் கையால் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, “போய்ச் சொல்லுடி மங்க. நீ படிச்ச தமிழு நமக்கு இப்பவாச்சும் உதவட்டும்,” என்றாள்.

“சரிக்கா,” என்றாள் மங்கை.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது? அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் நூருல்லாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள், வைத்தாள். அந்த அறிக்கையில் பெயர் அச்சாகவில்லை, பிரிவின் பெயர்தான் இருந்தது. வாரியத்துக் கோப்பில் மட்டும் அவள் கையெழுத்து. அது வெளியே வராது என்று ஒரு மனம் சொல்லும், வந்தால்தான் நல்லது என்று இன்னொரு மனம் அடிக்கும். சோறு இறங்கவில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டால்கூடப் பதறினாள்.

விசாரணைக்கு அவள் பெயர் கொடுக்கப்பட்டது தெரிந்து சுகவனம் போன் செய்தார்.

“மங்கை, உன்னைப் போக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. சரி சம்மதம் இல்லன்னு நீ சொல்லிட்டா, மதகடி நகர் மட்டும் இல்ல, நாடு பூரா போட்ட கணக்கு கிழியும். எல்லா மொழியிலயும் நம்ம விதியப் பார்த்துத்தான் எழுதினாங்க. உன் வேலை போகும், என்னுதும் போகும்.”

“நீங்க அன்னிக்கு என்னைக் கேட்டப்ப நான் சம்மதிச்சுதான் மாத்தினேன்னு நினைச்சீங்களா சார்?”

“நீ சரின்னு சொன்னியேம்மா,” என்றார் அவர்.

அவர் குரலில் பொய்யில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். மங்கைக்கு அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது. பழி முழுக்கத் தன் மடியிலேயே விழுந்து கிடந்தது.

கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் விசாரணை. ஓய்வு பெற்ற நீதிபதி பத்மாசனி நடுவர். மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி, எதிரில் இருப்பவரை அதற்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். வாரியத்தின் தரப்பில் கார்மேகம் என்ற வழக்கறிஞர், கஞ்சி போட்ட சட்டை, கலையாத சிரிப்பு. பின்வரிசைகளில் மதகடி நகர். தையல்நாயகி மூன்றாவது வரிசையில், மடியில் ஒரு டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். யாரோ இரவல் கொடுத்த கிரைண்டரில் முந்தின நாள்தான் மறுபடி மாவு அரைக்க ஆரம்பித்திருக்கிறாள்.

மங்கை சாட்சிக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக் சரியாக நிற்கவில்லை, தலை தொங்கியது. அவள் அதை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போதே, பதிவு செய்யும் இயந்திரத்தின் பெண் குரல் ஏதேதோ விதிமுறைகளை ஒப்பித்தது. எந்திரம் பேசினால் யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? அவள் கண் அக்காவின் மேல் இருந்தது. அக்கா, தைரியமாகச் சொல் என்பது போலத் தலையை ஆட்டினாள். குரல் நின்று, பதிலுக்குக் காத்திருந்தது. மங்கை பதில் சொன்னாள். அது மறுபடி ஏதோ கேட்டது, அவளும் மறுபடி பதில் சொன்னாள். விசாரணை தொடங்கியது.

நூருல்லா சுற்றி வளைக்கவில்லை. “அம்மா, தமிழ் பேசுற ஒருத்தர் போன்ல சரின்னா, கேட்ட விஷயத்துக்குச் சம்மதம்னு அர்த்தமா?”

“இல்லைங்க. பெரும்பாலும் பேச்சை முடிச்சுக்கலாம்னுதான் அர்த்தம்.”

“அப்ப வாரியத்தோட அறிக்கை தப்பு?”

“தப்பு.”

“அதை எழுதினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்க நியாயம் உண்டா?”

இதோ வந்துவிட்டது. அவள் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டியபோது கார்மேகம் எழுந்தார்.

“நான் வேணா உதவி பண்றேன், நடுவர் அம்மா,” என்றார் சிரிப்போடு. “அந்த அறிக்கையை எழுதினது வேற யாரும் இல்ல. இதோ சாட்சி நாற்காலியில உக்காந்திருக்கிற இந்த அம்மாதான். கையெழுத்து இதோ இருக்கு.”

நூருல்லா அவளைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தேவைப்படவில்லை, அந்த ஒரு பார்வை போதும். மங்கை மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அக்காவின் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கணக்குப் புரியாதவள் போல முழித்துக்கொண்டிருந்தாள்.

“அதோட முடியல,” என்றார் கார்மேகம். “இன்னிக்கு விசாரணை தொடங்குறதுக்கு முன்னாடி, இதே அரங்குல, அந்த அறிக்கைய உறுதிப்படுத்தியும் இருக்காங்க. பதிவைப் போடலாமா?”

இயந்திரம் போட்டது. அதே பெண் குரல்: “தாங்கள் முன்னர் அளித்த ஆய்வறிக்கையின் முடிவுகள் மாற்றமின்றித் தங்கள் சாட்சியத்தின் பகுதியாக அமையும். இதனை ஏற்கிறீர்களா?” அடுத்து மைக் கரகரக்கும் சத்தம், அதன் நடுவே மங்கையின் குரல்: “சரி.” இயந்திரம்: “உறுதி செய்கிறீர்களா?” மங்கை: “சரி சரி.”

பின்வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டினார். மங்கைக்கு முதலில் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பாவி, இங்கேயுமா! ஊரையே கவிழ்த்த அந்தச் சொல்லை, அதற்காகவே கூடிய சபையில், தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அப்புறம்தான் மெல்ல ஒன்று விளங்கியது.

நடுவர் பத்மாசனி கண்ணாடியைத் தாழ்த்தினார். “என்னம்மா இது? உங்க அறிக்கைய நீங்களே ஏத்துக்கிட்டு, நீங்களே தப்புங்கிறீங்க?”

“நான் ஏத்துக்கலம்மா.”

“சரின்னு சொல்லியிருக்கீங்களே. ரெண்டு தடவ.”

“சொன்னேன். அது என்ன கேட்டுச்சுன்னே என் காதுல விழல. மைக்க நிமித்திக்கிட்டு இருந்தேன். சீக்கிரம் முடிச்சா போதும்னு சொன்னேன்.” அவள் பின்வரிசைகளைக் காட்டினாள். “அந்த வீடுகள்லயும் அதேதாம்மா நடந்துச்சு. ஒருத்தர் கையில மாவு, ஒருத்தர் கையில குழந்தை. தமிழ்ல இதை என்னைவிடப் படிச்சவங்க கிடையாது. எனக்கே இன்னிக்கு இப்படின்னா, அவங்களுக்கு?”

“நிரூபிக்கணும்னு வேணும்னே சொன்னீங்களா?”

ஆமாம் என்றிருந்தால் எவ்வளவு கெட்டிக்காரி என்று பெயர் கிடைத்திருக்கும்! நூருல்லாகூட ஒருவேளை மன்னித்திருப்பார்.

“இல்லம்மா,” என்றாள். “வேணும்னு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். தெரியாமத்தான் சொன்னேன்.”

பிறகு கேட்காததையும் சொன்னாள். முதல் விதியைச் சொன்னாள், அதை மாற்றியதைச் சொன்னாள். யாரும் மிரட்டவில்லை, மறுத்துப் பேசச் சோம்பல்பட்டுத் தலையாட்டினேன் என்றாள். மதகடி நகரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சரி வந்ததற்குக் காரணம் அவர்களுடைய சம்மதம் இல்லை, லிஃப்டுக்குள் நின்றுகொண்டு தான் அக்காவுக்குச் சொன்ன ஒரு வரி என்றாள். “என் விதி எனக்கு ஞாபகம் இருந்தும், என் அக்கா விஷயத்துல அது மனசுல படவே இல்ல. சரின்னா எனக்கும் போனை வைக்கிறதுதான். அது தெரிஞ்சும் கையெழுத்து போட்டேன். அவங்க இன்னிக்கு வீடில்லாம நிக்கிறதுக்கு மழை பாதி காரணம், நான் பாதி.”

கார்மேகத்தின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே நடுவர் முடிவைச் சொன்னார். மதகடி நகரின் ஒப்புதல் செல்லாது. அவர்களுக்கு வந்தது ஏற்ற இடர் அல்ல, பேரிடர்தான். வீடும் மாற்று இடமும் சட்டப்படி கொடுத்தாக வேண்டும். “மத்த ஊர்களோட சரியைப் பத்தித் தீர்மானிக்க எனக்கு அதிகாரம் இல்ல. டெல்லிக்கு எழுதுறேன்,” என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

பின்வரிசைகளில் ஒரே சந்தோஷக் கூச்சல். அஞ்சலாட்சி யாரையோ கட்டிக்கொண்டு அழுதாள். மங்கைக்குச் சந்தோஷம் வரவில்லை. மற்ற ஊர்கள்? பெயர் தெரியாத எத்தனையோ ஆற்றங்கரைகளில், கடலோரங்களில், கைவேலை நடுவே சரிங்க என்று சொல்லிப் போனை வைத்தவர்கள்? அடுத்த மழை டெல்லியின் பதிலுக்காகக் காத்திருக்குமா?

வெளியே வராந்தாவில் ஜனங்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். சிலர் தலையசைத்தார்கள், சிலர் பார்க்காதது போல் போனார்கள். நூருல்லா நின்று, “ஜெயிச்சிட்டோம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். கலியபெருமாள் அவள் முகத்தைப் பார்க்காமல், “மோட்டார் ரிப்பேர்காரனப் பாக்கணும்,” என்று படியிறங்கிவிட்டார்.

தையல்நாயகி தூணோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நகங்களின் ஓரத்தில் மாவு காய்ந்திருந்தது. மங்கை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எவ்வளவோ சொல்ல நினைத்து வந்தவளுக்கு முதலில் வந்தது ஒரு சொல்தான்.

“அக்கா.”

தையல்நாயகி டிபன் பாக்ஸின் மூடியைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரிஞ்சுதான்க்கா கையெழுத்து போட்டேன். உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். மண்டபத்துலயே சொல்லியிருக்கணும். நீ ‘அதுக்கு என்னா தெரியும் பாவம்’னு சொன்னப்ப எனக்குச் செத்துப்போயிடலாம்னு இருந்துச்சு. என்னை மன்னிச்சிடுக்கா.”

மூடி திறந்துகொண்டது. உள்ளே இட்லி, பொடி தடவி, நல்லெண்ணெய் ஊற்றி.

“சரி,” என்றாள் தையல்நாயகி.

மங்கை காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். இழுத்ததா, வெடுக்கென்று வந்ததா, ஏறியதா, இறங்கியதா? ஊரில் உள்ள அத்தனை சரியையும் கேட்டுப் பிரித்துப் பெட்டியில் போட்ட காது அது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்கிற சரியா, பேச்சை விடு என்கிற சரியா, இனி உன்னிடம் பேச ஒன்றுமில்லை என்கிற சரியா? ஒன்றும் பிடிபடவில்லை. அவள் முதன்முதலில் எழுதிய விதிப்படி இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். மீண்டும் கேட்க வேண்டும்.

தையல்நாயகி ஒரு இட்லியை எடுத்து நீட்டினாள். “சாப்பிடு. ஆறிப்போவுது.”

கேட்டுவிட வேண்டும் என்று மங்கை வாயைத் திறந்தாள்.

“சரிக்கா,” என்று சொல்லி, இட்லியை வாங்கிக்கொண்டாள்.